கேக் வெளியே வரும் நேரம்

கவரைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றவளை அப்படியே விட்டுவிட்டுப் போன வாரம் நாம் எல்லாரும் எழுந்து போய்விட்டோம். பாவம், ஏழு நாளாக நின்றுகொண்டா இருப்பாள்? அப்போதே பிரித்துவிட்டாள்.

ஓட்டலிலிருந்து வந்த கடிதம் அது. பேக்கரிப் பிரிவின் தலைமைப் பதவிக்குச் சோதனை. வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. கேக் செய்துகொண்டே, செய்வது ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காகிதம் பார்க்கக் கூடாது.

அதே சமையற்கட்டில் இருபத்தொரு வருஷம் மாவோடு மல்லுக்கட்டியவள். வீட்டுக்கு வெளியே அவளை எல்லாரும் கூப்பிடுவது ‘மாஸ்டரம்மா’. முட்டையைத் தொட்டே பழசா புதுசா என்று சொல்லிவிடுவாள். இங்கிலீஷ் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் தங்கை ஒருத்தி இருக்கிறாளே, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். கடிதம் வந்த அன்றே நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இதோ வியாழன் வந்துவிட்டது. காலை எட்டு மணி. டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அக்காவை உலுக்கிக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைத் துருவறதுக்கு என்ன?”

“ஃபைன்லி க்ரேட்டட்.”

“முட்டை மஞ்சள்?”

“லைட்லி பீட்டன்.”

“வெள்ளைக்கரு நுரையில மாவைச் சேர்க்கும்போது?”

“ஜென்ட்லி ஃபோல்ட். ஏன்டி, மெதுவா மடிக்கணுமாம். அது கேக் மாவா, போர்வையா?”

“ஐயோ, அர்த்தத்துக்குப் போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது! இந்த வார்த்தைக்கு அந்த வார்த்தைதான் ஜோடி. அவ்வளவுதான். தமிழ்ல மாவைப் பிசையறோம், முட்டையை அடிக்கிறோம். எவளாவது வந்து முட்டையைப் பிசைஞ்சேன்னு சொன்னா நீ சிரிப்பியா மாட்டியா?”

“முட்டையைப் பிசைஞ்சவளைச் சமையற்கட்டை விட்டே துரத்துவேன்.”

“அதேதான். அவங்களும் துரத்துவாங்க. ஒரு சிட்டிகை உப்பு?”

“எ பின்ச் ஆஃப் சால்ட்.”

“அடுப்பு?”

“ப்ரீஹீட் தி அவன். இதை மட்டும் நடு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

இப்படியே மூன்று பக்கம். மாஸ்டரம்மா வாயால் சொல்லச் சொல்ல டீச்சர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த ஆரஞ்சு கேக் அது. ஓட்டலுக்கு வருகிறவர்கள் அதைத் தின்பதற்கென்றே வருவார்கள். கிளிப்பிள்ளை மாதிரி கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தாள். “லீவ் இட் டு கூல் இன் தி அவன், வித் தி டோர் க்ளோஸ்ட்.” கேக் வெந்ததும் வெளியே எடுக்காதே, மூடிய அடுப்புக்குள்ளேயே ஆறவிடு.

அந்த வரியைச் சொல்லும்போது மட்டும் மாஸ்டரம்மாவின் கண் தங்கையை விட்டுப் பீரோ பக்கம் போயிற்று. டீச்சர் கவனிக்கவில்லை.

பீரோவின் மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் பதினோரு கடிதங்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கப்பல் வேலைக்குப் போய் வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட புருஷன் எழுதியவை. “ரெண்டு பேரும் கிளம்பி வாங்க, இங்கேயே இருந்துடலாம்” என்று பதினோரு தடவை கேட்டிருந்தார். அவளுக்குப் போக மனமில்லை. இந்தச் சமையற்கட்டை விட்டுவிட்டு பாஷை தெரியாத ஊரில் என்ன செய்வாள்? பதில் போடவேயில்லை. அப்போது ஐந்து வயதாக இருந்த மகளிடம் மட்டும், “உங்கப்பா நம்மளை மறந்துட்டாரு, ஒரு வரி எழுதலை” என்று சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதாகவே நின்றுவிட்டது.

அந்த மகளுக்கு இப்போது இருபத்து மூன்று. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே குடியிருந்ததால் சீனி என்று பெயர் நிலைத்துவிட்டது. வேறொரு ஓட்டல் பேக்கரியில் வேலை. இரண்டு வருஷமாகத் தோழிகளோடு தனி அறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள், வந்தால் சண்டை போடுவாள், போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போவாள்.

“சீனிகிட்ட இன்னைக்குச் சோதனைன்னு சொன்னியா?” என்று கிளம்பும்போது மாஸ்டரம்மா கேட்டாள்.

டீச்சர் செருப்பு வாரை மாட்டுவதில் மும்முரமாக இருந்தாள். “அவளுக்கு... வேலை இருக்கும்க்கா” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

*

ஓட்டலின் பின்வாசல் வழியாகத்தான் இருபத்தொரு வருஷமும் உள்ளே போயிருக்கிறாள். இன்றைக்கு முன்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். தரை வழுக்குமோ என்று பயந்து பயந்து நடந்தாள். டீச்சரை வெளி வராந்தாவில் பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சோதனை எடுக்க இரண்டு பேர். புதிதாக வந்திருக்கும் கிச்சன் மேனேஜர் ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு. பக்கத்தில் ஆபீசைச் சேர்ந்த ஒரு அம்மாள், கையில் பேப்பர் கட்டு.

“ஆரம்பிங்கம்மா” என்றார் மேனேஜர்.

கை மாவு டப்பாவைத் தொட்டதும் பயம் எங்கேயோ போய்விட்டது. ப்ரீஹீட் தி அவன். சொல்லியாயிற்று. எ பின்ச் ஆஃப் சால்ட். சொல்லியாயிற்று. வெள்ளைக்கருவை அடித்து, கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. “ஸ்டிஃப் பீக்ஸ்” என்றாள் கம்பீரமாக, நுரை கூம்பு கூம்பாக நிற்பதைக் காட்டி. ஆபீஸ் அம்மாள் சிரித்தேவிட்டாள்.

அச்சில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளிய பிறகு நாற்பத்தைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். வாசனை கிளம்பியது. கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, “பேக் அன்டில் கோல்டன் பிரௌன்” என்றாள். பொன்னிறம். இனி ஒரே ஒரு வரிதான் பாக்கி.

வந்ததே அந்த வினை.

“லீவ் இட் டு கூல் இன் தி அவன், வித் தி டோர் க்ளோஸ்ட்” என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கை என்ன செய்தது தெரியுமா? கதவைத் திறந்தது. அச்சை வெளியே எடுத்தது. ஒரு சாண் உயரத்திலிருந்து மேடை மேல் ‘டொப்’பென்று போட்டது. அடுத்த நொடி அச்சை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு டம்ளர்களின் மேல் நிறுத்தியது.

எல்லாம் முடிந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதே அவளுக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தொரு வருஷம் செய்த கை. ஒரு வாரம் படித்த வாய் அதை எப்படி நிறுத்தும்?

மேனேஜர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினார். அதுவரை இங்கிலீஷில் பேசியவர் தமிழுக்கு வந்துவிட்டார்.

“அம்மா, அடுப்புக்குள்ளேயே ஆறவிடணும்னு சொன்னீங்க.”

“ஆமா சார்.”

“வெளியே எடுத்துப் போட்டுக் கவிழ்த்துட்டீங்க.”

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“எது சரி? சொன்னதா, செஞ்சதா?”

“செஞ்சது சார்.”

“அப்ப சொன்னது?”

அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. பத்தொன்பது வயதில், முதல் வேலையில், கூட நின்ற சிநேகிதிக்கு ஒரு பக்குவம் விடாமல் சொல்லிக் கொடுத்தாள். ஆறே மாதத்தில் அந்தச் சிநேகிதி மேலே போய்விட்டாள், இவள் தட்டு கழுவினாள். அன்றைக்கு எடுத்த முடிவு. யார் கேட்டாலும் சொல்வாள், சிரித்த முகமாகச் சொல்வாள், ஆனால் ஒரே ஒரு இடத்தை மாற்றிச் சொல்வாள். கேக் வெளியே வரும் நேரத்தில் பக்கத்தில் ஒருத்தரும் இருக்க விடமாட்டாள். அதை எடுத்துட்டு வா, இதைப் பார்த்துட்டு வா என்று துரத்திவிட்டுத்தான் ‘டொப்’. பழக்கம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது பாருங்கள், சொந்தத் தங்கை எழுதிக்கொண்டபோதும் நாக்கு தானாக மாற்றிச் சொல்லிவிட்டது. தனக்காகத்தான் எழுதுகிறாள் என்பதுகூட நினைவில் நிற்கவில்லை.

“மறந்துட்டேன் சார்” என்றாள்.

ஆபீஸ் அம்மாள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் ஆபீஸ் அம்மாளைப் பார்த்தார்.

“இதைவிட எனக்கு இன்னொரு சந்தேகம்” என்றார் அவர். “இன்னைக்குக் காலையில ஒரு பொண்ணு வந்துச்சு, வெளி ஆள். இதே ஆரஞ்சு கேக். நீங்க சொன்ன அதே இங்கிலீஷ், வரிக்கு வரி. அந்தக் கடைசி வரி உட்பட. ஆனா அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே செஞ்சுச்சு. அடுப்பை அணைச்சு, கதவை மூடி, உள்ளேயே ஆறவிட்டுச்சு.”

எழுந்து போய் ஓரத்து மேஜையிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு கேக். நடுவில் குழி விழுந்து, ஓரமெல்லாம் சுருங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது.

மாஸ்டரம்மாவின் கண் குழியில் நிற்கவில்லை. அடியில் ஒட்டியிருந்த தாளில் நின்றது. வட்டமாக வெட்டிய தாள், அதில் ஒரு பக்கம் மட்டும் விரல் நீளத்துக்குக் காது மாதிரி ஒரு துண்டு விட்டிருந்தது. பிடித்து இழுக்க வசதியாக. உலகத்தில் வேறு யாரும் அப்படி வெட்டி அவள் பார்த்ததில்லை. ஆறு வயதில், “கேக்குக்குக் காது வேணாமாம்மா?” என்று கேட்டு, ஒருத்தி கத்தரிக்கோலோடு உட்கார்ந்து வெட்டிய காது அது.

தூக்கிவாரிப் போட்டது.

“அந்தப் பொண்ணு...” என்றாள். அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தாள். “அந்தப் பொண்ணு போயிடுச்சா சார்?”

“மறுபடி வரச் சொல்லியிருக்கோம். இப்ப வெளியேதான் இருக்கும்.” மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “அம்மா, உங்க கேக்ல எனக்குக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா பதினெட்டுப் பேர் நீங்க சொல்றதைக் கேட்டுச் செய்யணும். நீங்க ஒண்ணு சொல்லி வேற ஒண்ணு செஞ்சா, தினமும் பதினெட்டு கேக் இந்த மாதிரி வரும். அஞ்சு மணிக்குள்ள முழுப் பக்குவத்தையும் எழுதிக் கொடுங்க. எதையும் விடாம. அது வந்தாத்தான் உங்க பேரைப் பேசவே முடியும்.”

கடிகாரம் மூன்றேமுக்கால் காட்டியது.

*

வராந்தாவில் பெஞ்சியின் ஒரு கோடியில் டீச்சர். மறு கோடியில் வெள்ளைக் கோட்டோடு சீனி. நடுவில் இரண்டு கைப்பைகள்.

அம்மா வருவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல எழுந்தார்கள்.

மாஸ்டரம்மா மகளிடம் போகவில்லை. தங்கையிடம் போனாள். “உனக்குத் தெரியும்.”

“அக்கா...”

“காலையில செருப்பை மாட்டிக்கிட்டே இருந்தியே. தெரிஞ்சேதான் இருந்தே.”

“அவளும் வந்து கேட்டாக்கா. நான் என்ன செய்ய? ரெண்டு பேர்ல யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானேன்னு நெனச்சேன். அந்த நோட்டையே அவளுக்கும் கொடுத்தேன். சொன்னா நீ அவளை வரவிட மாட்டே, அவ உன்னை வரவிட மாட்டா.”

“நான் எதுக்கும்மா வரக்கூடாது?” சீனியின் கண் சிவந்திருந்தது. அழுது முடித்திருந்தாள் போலிருக்கிறது. “நான் என்ன வேலை தெரியாதவளா? இதே கேக்கை வருஷக்கணக்கா பண்றேன், எனக்கு ஒரு தடவைகூட எழும்பி நின்னதில்லை. கேட்டா கைப்பக்குவம்னுவே. எனக்குக் கை சரியில்லைன்னே நெனச்சுட்டு இருந்தேன். இன்னைக்கு முழுசா எழுதி வெச்சிருக்கே, இதுலயாவது வந்துடும்னு ஒரு வரி தப்பாம செஞ்சேன். ரெண்டு பேர் முன்னாடி அப்படியே உக்காந்துருச்சு.”

மாஸ்டரம்மா பெஞ்சியில் உட்கார்ந்தாள். கையில் வெள்ளைத் தாள்.

“உன் கையில ஒண்ணும் குறையில்லை” என்றாள். “நான்தான் மாத்திச் சொன்னேன்.”

“என்னது?”

“அடுப்புக்குள்ள ஆறவிடக் கூடாது. அது பொய்.”

டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அக்கா! நான் எழுதினேனே, அதையா? எனக்குமா?”

சீனி மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். “கேக் வெளியே வர நேரத்துல எல்லாம் என்னைக் கடைக்கு அனுப்புவே. உப்பு வாங்கிட்டு வா, தீப்பெட்டி வாங்கிட்டு வா. வீட்டுல ஆறு தீப்பெட்டி இருக்கும், ஏழாவது வாங்கப் போவேன். ஓடி ஓடி வருவேன், அதுக்குள்ள கேக் மேஜையில இருக்கும்.”

“ஆமா.”

“உன் பொண்ணும்மா நான்.”

மாஸ்டரம்மாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், தன் மேலேயே கோபம் ஒரு பக்கம். பேனாவைத் தங்கையிடம் வாங்கினாள். பேசத் தெரியாதவள் எழுத உட்கார்ந்தாள். முட்டையிலிருந்து ஆரம்பித்துத் தமிழில் விறுவிறு என்று எழுதினாள். கடைசியில் நின்றாள். எழுதினாள். தாளை மகளிடம் நீட்டினாள்.

“இதை இங்கிலீஷ்ல போடு. கடைசி ரெண்டு வரி நோட்டுல கிடையாது. எனக்கு அதுக்கு ஜோடி தெரியாது.”

சீனி படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். ‘வெந்ததும் உடனே எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து மேடையில் போடவும். தலைகீழாகக் கவிழ்த்து, முழுதும் ஆறும்வரை தொடக்கூடாது.’

“இவ்வளவுதானா?” என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. “ஒரு ‘டொப்’. இதுக்கா ஏழு தீப்பெட்டி?”

பெஞ்சியில் தாளை வைத்து, குனிந்து எழுதினாள். எழுதும்போதே வாய் சொல்லியது. “ட்ராப் தி டின் ஆன்டு தி கவுன்ட்டர். டர்ன் இட் அப்சைட் டௌன். லீவ் டு கூல் கம்ப்ளீட்லி.”

“கம்ப்ளீட்லி” என்று மாஸ்டரம்மாவும் கூடவே சொல்லிப் பார்த்தாள்.

“மணி நாலே முக்கால்!” டீச்சர் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஆபீஸ் அறைப் பக்கம் ஓடினாள். புடவை தடுக்கி ஒரு தரம் தடுமாறி, மறுபடி ஓடினாள்.

அம்மாவும் மகளும் தனியாக இருந்தார்கள். சீனி பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

“அம்மா. வேற எதையெல்லாம் மாத்திச் சொல்லியிருக்கே?”

குரலை உயர்த்திக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ‘ஒண்ணுமில்லை’ என்ற சொல் மாஸ்டரம்மாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பதினெட்டு வருஷப் பழக்கம். அதைப் பல்லுக்குள் கடித்து நிறுத்தினாள்.

“வீட்டுக்கு வா” என்றாள். “பீரோ மேல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு. உங்கப்பா எழுதலைன்னு நான் சொன்னது... எழுதினாரு சீனி. பதினோரு கடிதம். கூப்பிட்டாரு நம்மளை. நான்தான் போகலை. நான்தான் உன்கிட்ட மறைச்சேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கத்துவாள், அடிப்பாள், எழுந்து போய்விடுவாள். எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தாள்.

எதுவும் வரவில்லை.

“தெரியும்மா” என்றாள் சீனி. “பதினாறு வயசுலயே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துப் படிச்சுட்டேன். நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு ஏழு வருஷமா பார்த்துட்டு இருக்கேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதுக்குத்தான் வந்தேன். சாப்பாட்டுக்குன்னு நெனச்சியா?”

மாஸ்டரம்மா கண்ணைத் திறந்தாள். மகளின் முகம் கலங்கலாகத் தெரிந்தது.

“ஆனா பதினொண்ணு இல்ல. பன்னெண்டு.”

“பதினொண்ணுதான்டி. எனக்குத் தெரியாதா?”

“உனக்கு வந்தது பதினொண்ணு.” சீனி கைப்பையைத் திறந்தாள். “இது எனக்கு வந்தது. போன வாரம்.”

நீல நிறக் கவர். ஓரம் பிரித்திருந்தது. முகவரி எழுதியிருந்த அந்தச் சாய்ந்த கையெழுத்தை மாஸ்டரம்மா பதினெட்டு வருஷமானாலும் மறப்பாளா? கவரை வாங்கி, உள்ளே இருந்த தாளை எடுத்துப் பிரித்தாள்.

“படிம்மா” என்றாள் மகள். “வாய்விட்டுப் படி. எதையும் மாத்தாம.”